கல்லு டீச்சர் மல்லாந்து படுத்த கதை

கல்லு டீச்சருக்குக் கோபம் வந்தால் பாறைகூட இரண்டடி தள்ளி உட்காரும். கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். கைப்பையில் சீப்பு இருக்காது, சுத்தியல் இருக்கும். தன் கல்யாணத்தன்றே மோதிரக் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்து, "கண்ணாடி!" என்று மாப்பிள்ளை வீட்டார் காதுபட அறிவித்தவர்.

அப்படிப்பட்டவரிடம் கையெழுத்துக் கேட்டு வந்தான் கொழுந்தன். பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று நம்பும் சங்கத்துக்கு அவன் தலைவன். ஊரோரக் கல்குவாரியில் ஆய்வு நடத்தி, அங்கே அடுக்கடுக்காகத் தெரியும் பாறை முழுவதும் ஒரே பெருவெள்ளம் ஒரே வருஷத்தில் கொட்டிய சேறும் மணலும்தான் என்று அறிக்கை எழுதியிருந்தான். அதைப் பலகையில் எழுதிக் குவாரி வாசலில் நட நகராட்சி கம்பம்கூட ஊன்றிவிட்டது. டீச்சர் சரியென்று ஒப்பமிட்டால் போதும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து படிக்கப்போகிற பலகை!

"நம்பறது உன் இஷ்டம். ஆய்வுன்னு சொன்னா நான் நேர்ல பாக்கணும்," என்று அவனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

குவாரியில் ஒரு சேற்றுப்பாறைத் தரை உண்டு. வெயிலில் காய்ந்து வெடித்த பழைய சேறு அப்படியே கல்லாகிப்போன இடம். இப்போது வெடிப்பு ஒன்றுகூட இல்லை. உளித் தழும்புதான் இருந்தது.

"எங்கடா?"

"மாதிரிக்கு எடுத்தோம் அண்ணி."

"தரை மொத்தமுமா? அறிக்கையில ஒரு வரி இல்லையே! வெள்ளத்துக்கு நடுவுல சேறு எப்படிக் காஞ்சுதுன்னு யாராவது கேட்டுடுவாங்கன்னு பயமா?"

"வெடிப்பு தண்ணிக்கடியிலயும் வரும் அண்ணி. எதுக்குக் குழப்பம்னு விட்டுட்டோம்."

டீச்சருக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. ஒத்துவராததைக் கொத்தி எறிந்துவிட்டு மிச்சத்துக்கு ஆய்வென்று பெயர் வைப்பதா?

தரையின் ஓரத்தில், சேற்றின் மேல் படிந்திருந்த மணற்பாறை மட்டும் கூரைபோல் துருத்தி நின்றது. அடியில் சேறு உதிர்ந்து ஆள் நுழையுமளவு இடைவெளி. டீச்சர் அதற்குள் புகுந்து மல்லாந்து படுத்துவிட்டார்.

"வா, நீயும் படு."

"வெள்ளைச் சட்டை அண்ணி..."

"படுடா!"

படுத்தான். சேறு காய்ந்த அந்தப் பழங்காலத்தில் வெடிப்புகளுக்குள் இறங்கிய மணல், மேல்பாறையின் அடிவயிற்றில் வரப்பு வரப்பாக அச்செடுத்து நின்றது. நடுநடுவே மழைத்துளி விழுந்த குழிகளின் அச்சு, கொப்புளம் கொப்புளமாக.

"தரையக் கொத்தின மகராசா, கூரைய மறந்துட்டியே! வெடிப்பு தண்ணிக்கடியில வரும், சரி. மழையும் தண்ணிக்கடியிலயா பெஞ்சுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். மேலிருந்து மண் உதிர்ந்தது. மூடிக்கொண்டான்.

டீச்சர் கையெழுத்துப் போடவில்லை. நகராட்சித் தலைவியையும் கூட்டிவந்து அதே இடத்தில் படுக்கவைத்தார். ஊன்றிய கம்பம் வீணாகக் கூடாதே என்று பலகைக்கு வாசகமும் டீச்சரே எழுதிக் கொடுத்தார்:

"தரையை ஆய்வாளர்கள் கொத்திவிட்டார்கள். படுத்து, மேலே பாருங்கள்."