யாரென்றே தெரியாதாம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். வர வேண்டிய அன்றைக்கு மட்டும் அது வரவில்லை.

புதுச்சத்திரம் பக்கம், நரிக்குறவர் குடியிருப்பை ஒட்டி ஒரு சமூக மையம். சம்பளமில்லாமல் மூன்று வருடம் அங்கே மாலை வகுப்பு எடுத்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்திக்கு நாமக்கல்லில் நர்சிங் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் போச்சு.

வருவாய் ஆய்வாளர் மையத்துக்கே வந்து விசாரிப்பார் என்றதும் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். "பாசிமணியெல்லாம் கழட்டி வச்சிரு சாமி. நல்லா உடுத்திட்டு வந்தாத்தான் மதிப்பாங்க" என்று சொல்லி, என் சுடிதாரை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

வந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ஆளுங்க மாதிரியே இல்லீங்களே" என்றார். அவளைப் பெற்றவர்கள் பாசி விற்க வெளியூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். ஆய்வாளர் மையத்தின் பொறுப்பாளரிடம் திரும்பினார். "நீங்க தெரிஞ்ச புள்ளைன்னு எழுதிக் குடுங்க, போதும்."

அந்தப் பொறுப்பாளரை நான் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லீங்க. எத்தனையோ புள்ளைங்க வருது, போகுது" என்றார்.

அடப்பாவி மனுஷா. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரை அடைத்துத் தொங்கிய பேனரில் சிரித்துக்கொண்டிருந்தது அவள்தான், கழுத்து நிறையப் பாசியோடு. நன்கொடை கேட்டு அடிக்கும் நோட்டீசிலும் அதே படம்தான். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். வாயடைத்து நின்றேன்.

ஆய்வாளர் எதுவும் எழுதாமலே போன பிறகுதான் எனக்கு நாக்கு எழுந்தது. "ஏனுங்கண்ணா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"ஒருத்திக்கு எழுதுனா நாளைக்குப் பத்துப் பேரு வந்து நிப்பாங்க கண்ணு. தாலுகா ஆபீசோட நமக்கெதுக்கு வம்பு?"

இந்த ஆளை நம்பித்தான் மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் ஓடியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனது. இடமும் போனது. மறுநாள் அவள் மையத்துக்கு வந்து நேராகப் பொறுப்பாளரிடம் போனாள்.

"என்னைத் தெரியாதுன்னீங்களே. அந்தப் படத்தைக் கழட்டிக் குடுத்துருங்க."

"அது மையத்துச் சொத்தும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் அவளுக்காகச் சண்டை போட்டதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அந்த ஆபீசரு கேட்டப்ப நீங்களும் அங்கதானேக்கா நின்னீங்க?" என்றாள்.

சுடிதாரை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். துவைத்து, இஸ்திரி போட்டிருந்தாள்.