பாதி மாலையும் ஒரு படகும்

சில ஆண்டுகளுக்கு முன், காரைக்காலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிது. செய்முறைத் தேர்வுக்குச் சங்குப்பூ கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. சுரக்குடியில் எங்கள் வீட்டு வேலி முழுக்கச் சங்குப்பூதானே என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

விடிந்து பார்த்தால் வேலியில் ஒரு பூ இல்லை. அன்று சனிக்கிழமை! மாமியார் மொத்தத்தையும் பறித்துத் திருநள்ளாற்றுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். சனீஸ்வரனுக்கு நீலச் சங்குப்பூ சாத்தும் ஊர்ப்பக்கம் வாக்கப்பட்டுவிட்டு, கிழமையை மறந்தவளை என்ன சொல்வது? பூ இல்லையென்றால் தேர்வு நடக்காது. வெளியூர்த் தேர்வாளர் திரும்பிப் போய்விடுவார், பிள்ளைகள் தவித்துப்போவார்கள். எனக்கு ஏழரை தொடங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயில் தெருவுக்கு ஓடினேன். பூக்கார அம்மா சிரித்தார். "ஒத்தைச் சங்கெல்லாம் மாலையாயிடுச்சு டீச்சர். அடுக்குச் சங்குதான் கெடக்கு."

அடுக்குப் பூவில் எல்லா இதழும் ஒரே மாதிரி இருக்கும். எனக்கு வேண்டியதோ கொடி அல்லி, சிறகு அல்லி, படகு அல்லி என்று இதழ்களைத் தனித்தனியே பிரித்து விவரிக்கக்கூடிய பூ. கடைசி மாலையைப் பட்டினச்சேரியிலிருந்து வந்த ஒரு மீனவத் தம்பதி வாங்கிவிட்டிருந்தார்கள். படகு அல்லி இல்லாமல் பிள்ளைகள் தேர்வு எழுத முடியாது என்று சொல்லி, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

மீனவரின் மனைவி மாலையை மார்போடு அணைத்துக்கொண்டார். "புதுப் போட்டு கடல்ல எறக்குறோம். வேண்டிக்கிட்டதுங்க."

நான் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினேன். கணவர்தான், "படகுன்னீங்களே, பூவுல அது எங்க இருக்கு?" என்றார்.

உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். பெரிய இதழ் கொடி, பக்கத்தில் இரண்டும் சிறகு, நடுவில் சின்னதாக இரண்டு இதழ் சேர்ந்தது படகு. மகரந்தமும் சூலும் அதற்குள்தான் பத்திரமாக இருக்கும் என்றேன்.

குனிந்து உற்றுப் பார்த்தார். "உள்ள இருக்கறதக் காப்பாத்துதுன்னா, இதுவும் போட்டுதாங்க" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் மாலையை மார்பிலிருந்து எடுத்தார். பிறகு நாரை அவிழ்த்து, பாதி மாலையை என் பையில் உதிர்த்தார். "சாமி கோச்சுக்காது. புள்ளைங்க நல்லா எழுதட்டும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்வு நேரத்துக்கு நடந்தது. இப்போதும் அந்தப் பாடம் வந்தால் கொடியையும் சிறகையும் கடகடவென்று சொல்லிவிட்டுப் படகில் நின்றுவிடுவேன்; பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த இருவரின் போட்டு நல்லபடியாகக் கரை திரும்பட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு அடுத்த வரி ஓடும்.