மடிப்புக் கலையாத பெல்ட்

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். சொந்த அம்பாசிடர், பழசுதான். கோயில் பார்க்க வருகிறவர்களையும், புடவை மூட்டையோடு மெட்ராஸுக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு அலைவார். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறியில் உட்கார்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் தறியை விடவில்லை. விடச் சொன்னவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டும் இருக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் மத்தியானம் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். கோயில் பார்க்க வந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி முன்சீட்டில் உட்கார்ந்ததும் இடுப்புக்குப் பக்கத்தில் கையை விட்டுத் துழாவினாளாம். கம்மல் விழுந்துவிட்டது என்று நினைத்து இவரும் இறங்கி, சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். கடைசியில் அவள் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் விரலால் கோடு இழுத்துக் காட்டினாளாம். அவர்கள் ஊர்க் காரில் ஆளைச் சீட்டோடு சேர்த்துப் பிடிக்கப் பட்டை உண்டாம்.

"நம்ம வண்டியில இல்லைன்னதும் கதவைக் கெட்டியா புடிச்சுக்கினே வந்துச்சும்மே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி சட்டென்று குறுக்கே திரும்ப, இவர் பிரேக் அடித்திருந்தார். கார் நின்றுவிட்டது. இவர் நிற்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெஞ்சு மோதி இரண்டு விலா எலும்பு விட்டுப்போனது. இருமல் வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

மாடு சட்டென்று நின்றால் வண்டியில் வைத்த தவலை முன்னால் உருளும். காருக்குள் இருக்கிற மனுஷனும் அந்தத் தவலைதான். அவரைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும். வேறு யாரும் செய்யப் போவதில்லை என்றால் நானே செய்கிறேன் என்று முடிவு பண்ணினேன்.

வொர்க்‌ஷாப் மேஸ்திரி ஒருவர் இருந்தார், ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பார்த்தவர். அவரிடம் போய்க் கேட்டேன். முதலில் மேலும் கீழும் பார்த்தார். பிறகு தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். பட்டையைச் சீட்டில் மாட்டினால் பிரயோஜனம் இல்லை, அடிக்கிற அடியில் சீட்டே பெயர்ந்துவிடும். வண்டியின் அடித் தகட்டில் ஓட்டை போட்டு, அடியில் கனமான இரும்புத் துண்டு கொடுத்து போல்ட் முடுக்க வேண்டும். அந்தத் துண்டு இல்லாவிட்டால் தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் வெளியே வரும். கீழ்ப் பட்டை வயிற்றில் படக்கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். வயிற்றில் பட்டால் குடல் நசுங்கும், எலும்பு என்றால் தாங்கும். டிரைவருக்கு இடுப்புப் பட்டை மட்டும் போதாது, நெஞ்சைக் குறுக்கே பிடிக்கவும் ஒன்று வேண்டும். அதை முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கிற தூணில் மாட்ட வேண்டும்.

"பட்டை கொஞ்சம் இழுபடணும்மா. இரும்பு மாதிரி நின்னா அதுவே எலும்பை ஒடிச்சுடும்."

இழுபடணும், ஆனால் அறுபடக்கூடாது. இதைக் கேட்டதும் என் தலையில் கர்வம் ஏறிவிட்டது. காஞ்சிபுரத்துக்காரியிடம் போய் இப்படிச் சொன்னால் அவள் வேறு எதை நினைப்பாள்? பட்டுதான். முறுக்கேற்றிய பட்டில், நாலு விரல் அகலத்தில், விரல் நகம் நுழையாத நெருக்கத்தில் ஒரு பட்டை நெய்தேன். சும்மா இருக்க முடியாமல் ஓரத்தில் அரக்கு நிறம் வேறு கொடுத்தேன். மேஸ்திரி பல் வைத்த பக்கிள் ஒன்று தந்தார். வீட்டு உத்தரத்தில் பட்டையைக் கட்டி, மணல் மூட்டையை மாட்டி, கையால் தூக்கிச் சட்டென்று விட்டோம்.

பட்டு அறுபடவில்லை. பக்கிளுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மூட்டை தொப்பென்று விழுந்து, வீடு முழுக்க மணல். பட்டின் வழவழப்பைத்தான் நாங்கள் ஊர் ஊராக விற்கிறோம். அந்த வழவழப்பைப் பக்கிள் பிடிக்காது என்பது ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது. வேலைக்குத்தான் ஆகல," என்றார் வீட்டுக்காரர். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதன் பிறகு மெட்ராஸுக்கு அவரையே இழுத்துக்கொண்டு போனேன். வெளிநாட்டுக் கார்களைப் பிரித்து விற்கிற கடை ஒன்றில் நாலு பெல்ட் எடுத்துப் போட்டார்கள். ஒன்று வெயிலில் வெளுத்துப் போயிருந்தது, வெளுத்த நூலில் உயிர் இருக்காது. இன்னொன்றில் ஓரம் பிசிறு தட்டியிருந்தது. மூன்றாவது பார்க்கப் புதுசு. கடைக்காரர் அதைத்தான் என் கையில் திணித்தார். நகத்தை ஓரமாக ஓட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு முழம் மட்டும் அகலம் குறைந்து, ஓரம் அலையலையாக நெளிந்திருந்தது. அந்த இடத்தில் நூல் இழுபட்டுத் திரும்பி வராமல் நின்றுவிட்டது.

"இது ஏற்கெனவே ஒரு ஆளைத் தாங்கியிருக்குது," என்றேன்.

"புதுசும்மா, சத்தியமா."

"நீ சத்தியம் பண்ணுவ. நூல் பண்ணாது."

ஒரு தடவை தாங்கிய பெல்ட்டின் வேலை முடிந்தது, அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நாலாவதில் ஒரு குறையும் இல்லை, அதை எடுத்துக்கொண்டு வந்தோம். இன்றைக்கு ஸ்டீயரிங்குக்குள்ளேயே காற்றுப் பையை மடித்து வைக்கிறார்கள். மோதிய கணத்தில் ஊதிக்கொண்டு வருமாம். பெல்ட் போட்டுச் சீட்டில் ஒட்டி உட்கார்ந்தவனுக்குத்தான் அது துணை, முன்னால் பாய்ந்தவன் முகத்தில் அதுவே அறையும். இது தெரியாமல் பை இருக்கிறதே என்று பெல்ட்டை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாலாவது பெல்ட்டை மேஸ்திரி வண்டியில் மாட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது பெல்ட்டையும் பார்ப்பது என் வேலை. ஓரத்தில் நகம் ஓட்டுவேன், பக்கிளை மாட்டி வெடுக்கென்று இழுப்பேன், போல்ட்டை ஆட்டுவேன். ஈரத் துணியால் துடைத்து, புடவை மடிக்கிற பழக்கத்தில் மூன்றாக மடித்துத் தூணில் மாட்டுவேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அந்த மடிப்பு அப்படியே இருந்தது. உடுத்தாத புடவையை எனக்குத் தெரியாதா? வாரம் முழுக்க வேலூர், திருத்தணி, மெட்ராஸ் என்று ஓடியிருக்கிறார், பெல்ட்டைத் தொடவே இல்லை.

கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ஸ்டாண்டுல சிரிக்கிறாங்கம்மே. உசுரோட இருக்கிறவனை யாராவது கட்டுவாங்களா, பாடையிலதான் கட்டுவாங்கன்றாங்க. சவாரி வர்றவங்களும் அபசகுனம்னு அடுத்த வண்டிக்குப் போறாங்க," என்றார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. கோபமா பயமா என்று கேட்டால், பயம்தான். அவர் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

மறுநாள் காலையில் நேராகக் கார் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பெண்கள் அங்கே போய் நிற்கிற வழக்கம் கிடையாது. இவர் வண்டியில் வேலூர் சவாரி ஏறி உட்கார்ந்திருந்தது, இவரும் ஸ்டீயரிங் முன்னால் கிளம்பத் தயாராக இருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களில் ஒருவர், "இன்னா அண்ணி, அண்ணனைக் கட்டிப் போட வந்தியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமாம்பா. பாடையிலயும் கட்டத்தான் போறாங்க," என்றேன். "அன்னிக்கு நாலு பேர் சேர்ந்து கட்டுவாங்க, இவரால வேணாம்னு சொல்ல முடியாது. வேணாம்னு சொல்ல வாய் இருக்கிற வரைக்கும் இவரே கட்டிக்கட்டும். இவர் போயிட்டா நீங்க ஒரு மாலை போட்டுட்டுப் போயிடுவீங்க. நான்தான் கெடந்து அழணும்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. உடைந்தால் உடையட்டும் என்று நின்றேன்.

வீட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. தூணிலிருந்து பெல்ட்டை எடுத்து உதறி, நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பக்கிளில் மாட்டினார். பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு முஷ்டிக்கு மேல் இடம் இருக்கக்கூடாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். புருஷன் பெயரைக்கூட வெளியில் சொல்லாத ஊரில், நடு ரோட்டில், அத்தனை ஆண்கள் பார்க்க, ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் நெஞ்சில் முஷ்டியை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தளர்வாக இருந்தது. இழுத்து இறுக்கினேன்.

"போயிட்டு வாங்க," என்றேன்.