"வாசிச்சிட்டு அழிச்சிரு" என்று எழுதிய அண்ணாச்சி

ஆரியசாலை மாணிக்கம் அண்ணாச்சி போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நின்றிருந்தேன். நம் பழைய சிற்றலை வானொலிக் குழுவில் மிஞ்சிய பதினோரு பேரில் எட்டுப் பேர் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள். எனக்குக் கை வரவில்லை. நான் செய்த பாவம் குழுவில் இருந்த உங்களுக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கைப்பேசியில் இணையம் வராத காலத்தில், இப்போது மூடப்பட்டுவிட்ட ஒரு சமூக வலைத்தளத்தில் அந்தக் குழுவைத் தொடங்கியவர் அண்ணாச்சி. பகலெல்லாம் வற்றல் மிளகாய் மொத்தக்கடை, சாயங்காலம் பக்கத்து இன்டர்நெட் கஃபே. வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டு, ஒலி எப்படி இருந்தது என்று அவர்களுக்கு எழுதினால் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். அதுதான் எங்கள் பைத்தியம். இரைச்சலுக்கு நடுவே பாதி ஊகித்து நான் எழுதிய அறிக்கையை ஒருமுறை குழுவில் எல்லாரும் பார்க்கக் கிழித்துத் தொங்கவிட்டார்: "கேட்டதை எழுதுலே. கேக்காததைக் கேட்டேன்னு எழுதுனா அது களவாக்கும்."

அந்தத் தளத்தில் எல்லாமே பொதுவில்தான். ரகசியம் சொல்ல ஒரே வழி 'டெஸ்டிமோனியல்'. நம்மைப் புகழ்ந்து பிறர் எழுதும் குறிப்பு அது. நாம் 'ஏற்கிறேன்' என்று அமுக்கினால்தான் ஊர் பார்க்கும். அதனால் அந்தரங்கத்தை அதில் எழுதி, "வாசிச்சிட்டு அழிச்சிரு" என்று முடிப்போம். ஒருநாள் அண்ணாச்சியிடமிருந்து ஒன்று வந்தது. ஆகா, அண்ணாச்சியே என்னைப் புகழ்ந்துவிட்டார் என்ற மிதப்பில், முதல் வரிகூட வாசிக்காமல் ஏற்றுவிட்டேன்.

"மக்கா, எனக்கு ரெண்டு வருஷமா காது கேக்கல. செல்விதான் கேட்டு எழுதிக் காட்டுதா, நான் எம்பேரைப் போட்டு அனுப்புதேன். இதுவும் களவுதானே? ஆருட்டயும் சொல்லாதே. வாசிச்சிட்டு அழிச்சிரு."

செல்வி அவர் மனைவி. இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது. நான் கண்டு அழிப்பதற்குள் குழுவில் 'செவிட்டு வானொலி' என்று சிரித்து முடித்துவிட்டார்கள். அவருக்காக நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அண்ணாச்சி யாரையும் திட்டாமல் குழுவை விட்டுப் போனார். பிறகு கடைத்தெருவில் இரண்டு முறை அவரைப் பார்த்தேன்; இரண்டு முறையும் சந்து மாறி நடந்தேன். காது கேட்காதவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். சே, என்ன ஒரு கோழைத்தனம்!

துக்கம் கேட்கப் போனபோது செல்வி அக்காவிடம், அந்தக் குறிப்பை ஊர் பார்க்க விட்டவன் நான்தான் என்றேன்.

"தெரியும்லா," என்று ஓர் அட்டையை எடுத்து வந்தார். அண்ணாச்சி குழுவை விட்டபின் ஒரு வானொலியிலிருந்து வந்தது. அதில் இரண்டு பெயர்கள்: முதலில் செல்வி, அடுத்து மாணிக்கம். "அதுக்கப்புறம் எம்பேரைப் போடாம ஒண்ணுகூட எழுதல தம்பி. வெளியே தெரிஞ்சதும் நல்லதுக்குத்தான், சாரமில்லே, போட்டும்னுட்டாரு. நீங்க ஏன் வரலேன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"அவருக்குக் காது கேக்காதேன்னு..." என்று இழுத்தேன்.

"காதுதானே கேக்காது? ஒரு தாள்ல எழுதிக் காட்டியிருந்தா வாசிச்சிருப்பாருல்லா. நீங்கல்லாம் எழுதித்தானே பழகுனீங்க?"

அந்த அட்டையை அக்கா எனக்கே கொடுத்துவிட்டார். அதுவும், "கேட்டதை எழுதுலே" என்ற அவர் அதட்டலும் என்னிடம் இருக்கின்றன. நடந்ததை நடந்தபடி இன்று எழுதிவிட்டேன். அன்றைக்கே ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும், அண்ணாச்சி.