மாப்பிள்ளைக்கு மட்டும் விமானம்

எக்ஸ்ரே இயந்திரங்கள் விற்கும் அந்த அலுவலகத்தில் அவனை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை காலையிலும் பெண் பார்க்க வந்தவன் மாதிரி மடிப்புக் கலையாமல் வந்து நிற்பான். அவளும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பதவி, பக்கத்துப் பக்கத்து மேசை. ஆனால் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் இயந்திரத்தை இயக்கிக் காட்டும் வேலை மட்டும் எப்படியோ அவன் மடியில்தான் போய் விழும். அந்த ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்வது அவள் பங்கு.

அவன் விமானத்திலிருந்து மேகத்தைப் படம் பிடித்து அனுப்பும் நேரத்தில், அவள் மேம்பாலத்தின் நடுவில் சிமெண்ட் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போகும். இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே நுழைகிறவனைத் திட்ட ஆரம்பித்தால், அந்தத் திட்டு கடைசியில் மாப்பிள்ளையிடம் வந்துதான் முடியும்.

வீட்டில் புலம்பினாள். துணி மடித்துக்கொண்டிருந்த கணவன், "நீ போறேன்னு கேட்டியா?" என்றான்.

"கேட்டாத்தான் குடுப்பாங்களா? மேனேஜருக்குக் கண்ணு இல்லையா?"

அவன் அடுத்த சட்டையை எடுத்து உதறினான்.

ஒரு நாள் மதியம், மாப்பிள்ளையை விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டிய வாடகைக் கார் காலை வாரிவிட்டது. மேனேஜர் நேராக அவள் மேசைக்கு வந்து, உங்களிடம்தான் வண்டி இருக்கிறதே, கொஞ்சம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றார். அவள் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டுச் சாவியை எடுத்தாள்.

மாப்பிள்ளை முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டான். வழக்கமாகத் தங்கும் ஓட்டலில் எல்லாம் சரி, தலையணைதான் ரொம்ப உயரம், கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று குறைபட்டுக்கொண்டே வந்தான். தலையணை உயரமாம்! அவள் பல்லைக் கடித்தாள். குடோன்களுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அதில் திரும்பினால் நெரிசலே இல்லாமல் போய்விடலாம். திருப்பம் வந்தது. இண்டிகேட்டரில் வைத்த கையை எடுத்துவிட்டு, நேராகப் போய்ப் பாலத்தில் வண்டிகளின் வாலில் நின்றாள்.

மாப்பிள்ளையின் பேச்சு குறைந்தது. அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தான், காலரைத் தளர்த்தினான். அவன் நெற்றி வியர்க்க வியர்க்க அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"வேற வழி ஏதாவது இருக்கா?" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

கொஞ்ச நேரத்தில் அவன் போனில் செய்தி வந்தது. விமானம் தாமதமாம். அவன் சீட்டைச் சாய்த்துத் தூங்கியே போனான். இறங்கும்போது, நிதானமாக ஓட்டினீர்கள் என்று நன்றி வேறு சொன்னான். திரும்பும்போது சந்தில் நுழையலாம் என்றால் அந்தப் பக்கம் ஒருவழிப் பாதை. மொத்த நெரிசலும் அவள் தலையில் விழுந்தது. இவனுக்கென்றால் விமானம்கூடக் காத்திருக்கிறதே என்று ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினாள்.

மறுநாள் காலை பையைக்கூட இறக்கி வைக்காமல் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"அடுத்த டூருக்கு என்னை அனுப்புங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தாராளமா போங்க. உங்களுக்கு வெளியூர் பிடிக்காதுன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்."

அடுத்த மாதமே போனாள். மருத்துவர்கள் துருவித் துருவிக் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். வேலை நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் ஓட்டல் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, அலுவலகத்து வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டாள். தன் போன்களையெல்லாம் யார் எடுக்கிறார்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

மாப்பிள்ளைதான் எடுக்கிறாராம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷமாம், அப்படிப் பொறுமையாகப் பேசுகிறாராம்.

"என்னைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"ஒருத்தர்கூடக் கேக்கலையே மேடம்," என்றாள் அந்தப் பெண் கள்ளமில்லாமல்.

போனை வைத்தாள். ஊர் சுற்றிப் பார்க்க ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதாக இருந்தது. மறுநாள் முதல் விமானத்தில் இடம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.