பல்லால் நூலறுக்கும் மாஸ்டர்

பொத்தான் தைத்து முடிந்ததும் தையல் மாஸ்டர் சட்டையை முகத்தருகே கொண்டுபோய், முன்பல்லால் நூலைக் கடித்து அறுக்கிறார். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. ஆனால் அது துணி வெட்ட மட்டும். "பல்லு எதுக்கு சார் இருக்கு? சோத்துக்கு மட்டுமா?" என்பார். எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் இந்தக் காட்சியை நான் நாள் முழுக்க இலவசமாகப் பார்க்கிறேன்.

போன வருஷம் அவர் கடித்த நூலின் நுனியெல்லாம் சிவக்க ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் தன் வாயைத் திறந்து பார்த்திருப்பார்கள். மாஸ்டர் நூல்கண்டைத் திருப்பிப் பார்த்தார். "சாயம் போகுது சார். எல்லாம் டூப்ளிகேட்டு." வெள்ளை நூலில் சிவப்புச் சாயம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "அதான் டூப்ளிகேட்டுங்கறேன்" என்றார். இதற்கு மேல் வாதாட நான் என்ன வக்கீலா? மூன்று கம்பெனி நூல் மாற்றினார். மூன்றிலும் சாயம் போனது.

பல் துலக்கும்போதும் ரத்தம் வருகிறது என்று ஒருநாள் அவரே ஒப்புக்கொண்டார். வைத்தியமும் கைவசம் இருந்தது. முன்வரிசைப் பற்களுக்குத் துலக்கலிலிருந்து விடுமுறை கொடுத்துவிட்டார். "புண்ணுல போயி யாராவது தேய்ப்பாங்களா?" பல்லடியில் மஞ்சளாகக் காரை கட்டியது. அதிலும் அவருக்குத் திருப்திதான். "அதான் சார் பல்லைப் புடிச்சு வச்சிருக்கு. டாக்டருங்க அதைச் சுரண்டிட்டு, பல்லு ஆடுதுன்னு சொல்லிப் புடுங்கிடுவாங்க. நமக்குத் தெரியாதா?" யாரும் சுரண்டாமலேயே கீழ் முன்பல் ஒன்று அதற்குள் ஆடத் தொடங்கியிருந்தது.

கடையில் இரண்டு மெஷின்கள், எதிரெதிரே. ஒன்றில் அவர், மற்றதில் அவர் மனைவி. இருவரும் தைத்தபடியே பேசிச் சிரிப்பது என் கடை வரைக்கும் கேட்கும். ஒருநாள் அந்த அம்மாள் தன் மெஷினைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "வெளிச்சம் பத்தலைங்க" என்றார். மாஸ்டர் மறுநாளே அவர் தலைக்கு மேல் ஒரு விளக்கு வாங்கி மாட்டினார். அந்த வெளிச்சத்தில் ராத்திரியில் பந்து விளையாடலாம். அம்மாள் திரும்பவில்லை. "இன்னும் பத்தலையா?" என்று அந்த முதுகிடம் கேட்டுக்கொண்டிருந்தார் மனுஷன். பிறகு பேச்சும் குறைந்து, மெஷின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

எனக்குக் காரணம் தெரியும். அவர் அளவெடுக்கக் கிட்டே வந்தால் நான் மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொள்வேன். அதனால்தான் என் சட்டைகளெல்லாம் மார்பில் தொளதொளவென்று இருக்கின்றன. ஆனால் இதை யார் முகத்துக்கு நேரே சொல்வது?

எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா சொன்னார். தைக்கக் கொடுத்த வெள்ளைக் கோட்டை வாங்கிப் பிரித்தவர், காலர் ஓரத்தில் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார்.

"சாயம் போகுதும்மா..." என்று தொடங்கினார் மாஸ்டர்.

"வாயைத் திறங்க."

திறந்தார்.

"இது ஈறு நோய். அந்தக் காரையிலதான் கிருமி குடியிருக்கு. ஈறு பல்லை விட்டு விலகிடுச்சு, உள்ள எலும்பும் கரையுது. தேய்க்காம விட்டீங்களா? அதான் முத்திப்போச்சு. வாய் நாத்தமும் இதனாலதான். வீட்ல யாரும் சொல்லலையா?"

மனைவியின் மெஷின் நின்றது. மாஸ்டர் அந்த முதுகைப் பார்த்தார். அதற்கு மேலே எரிந்த விளக்கைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவரை நிறுத்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்த எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

சில தடவை போய் ஈறுக்கு அடிவரை சுத்தம் செய்துகொண்டார். கரைந்த எலும்பு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாராம் டாக்டரம்மா. தினமும் பல்லிடுக்கில் நூல் விட்டு எடுக்கச் சொன்னாராம். "எத்தனாம் நம்பரு நூலும்மா?" என்று இவர் விசாரித்தாராம். ஆடிய பல்லை யாரும் பிடுங்கவில்லை. அதில் மாஸ்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சொன்ன ஜோசியம் பொய்த்துவிட்டதே!

நேற்று பொத்தான் தைத்து முடித்தவர், பழக்கதோஷத்தில் சட்டையை வாயருகே கொண்டுபோனார். பாதியில் நிறுத்தி, கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார். அப்போது தரையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அம்மாள் தன் மெஷினை இழுத்துப் பழையபடி அவருக்கு எதிரே திருப்பிக்கொண்டிருந்தார்.

"தெருவுல ஒரே தூசிங்க" என்றார்.

மாஸ்டர் எழுந்து போய் அந்த விளக்கை அணைத்தார்.