கோழிகள் தின்ற மாத்திரை

ஒரு இடத்தில் உட்காரவே தெரியாது எனக்கு. அந்த ஆடி மாதத்தில் நான் பட்ட தவிப்பு எதிரிக்கும் வேண்டாம். யுத்த காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. பாரிவாக்கத்திலிருந்து என் புருஷன் அங்கே முட்டையும் கோழியும் கொண்டுபோய்ப் போடுவார். கொல்லையில் பெரிய கொட்டகை போட்டு வளர்த்தோம். எங்கள் சோறு அதில்தான்.

கோழிகளுக்குக் கழிச்சல் வந்தது. கொண்டை கறுத்து, கழுத்தைத் தொங்கப்போட்டு நிற்கும், பச்சையாகக் கழியும், மறுநாள் கால் விறைத்துக் கிடக்கும். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர், சிப்பாய்களின் சீழ்ப்புண்ணுக்குத் தருகிற வெள்ளை மாத்திரையை என் புருஷனிடம் கொடுத்தார். பொடித்துத் தண்ணீரில் கலந்து வைத்ததும் கோழிகள் எழுந்து நடந்தன. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அவை இரை பொறுக்க ஆரம்பித்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"எயுந்து மேயறதுக்கு இன்னாத்துக்கு மருந்து? மிச்சம் கெடக்கட்டும், அடுத்த வாட்டிக்கு ஆவும்."

ஊரே அப்படித்தான். ஜுரம் விட்டால் கஷாயத்தையும் விட்டுவிடுவோம்.

கழிச்சல் திரும்பவும் வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி நிறுத்தம். ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்கிற கோழிகள் குறைந்துகொண்டே வந்தன. செத்தவற்றை ஏரிக்கரையில் வீசினோம், காக்கைகள் தின்றன. ஆடி அமாவாசையன்று படையல் சோற்றைக் கூரைமேல் வைத்துவிட்டுத் தொண்டை வறளக் கூப்பிட்டேன். காக்கை வாய் வைக்காமல் நாங்கள் சாப்பிடக் கூடாது. வெயில் சாய்ந்தும் ஒன்றும் வரவில்லை. பொறுக்கமுடியாமல் தேடிப்போனேன். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் காக்கைகள் இறக்கை விரித்துச் செத்துக் கிடந்தன.

சாகப்போகிற கோழியை வீணாக்காமல் அறுத்துக் குழம்பு வைப்பது எங்கள் வழக்கம். மறுநாள் அப்படி ஒன்றை அறுக்கும்போது இவருடைய வலது கட்டைவிரலில் கத்தி பட்டது. சின்னக் கீறல்தான். விடிந்து பார்த்தால் கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"பூந்தமல்லி டாக்டராண்ட போலாம், கெளம்புங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு இப்டி ஆடறே? சிப்பாய்க்குக் குடுக்கிற மாத்தரயே நம்ம கைல கீது. முயுங்குனா தீந்துச்சு."

முழுங்கினார். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கையைத் தொட்டால் அனலாகக் கொதித்தது. மேலும் மேலும் முழுங்கினார். சிவப்புக் கோடு ஒன்று முழங்கையைத் தாண்டி ஏறியது. எங்கே இந்த மனுஷன் போய்விடுவாரோ என்ற பயத்தில் அவரைக் கண்டபடி திட்டினேன். திட்டிக்கொண்டே வண்டியில் ஏற்றினேன்.

மாத்திரை முழுங்கியதைச் சொன்னேன். டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்தார். "இந்த மாத்திரைக்குக் கேக்காம இருக்காதே. முன்னாடி நெறைய சாப்பிட்டிருக்கியா?"

"நானு ஒண்ணுகூட சாப்ட்டதில்ல ஐயா. கோயிங்கதான் சாப்டுச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "அரைகுறையா மருந்து குடுத்திருப்பே, கோழியில இருந்த கிருமி மாத்திரைக்குப் பழகிப்போய்க் கத்தி வழியா உன் கையில ஏறியிருக்கு." விரலை எடுத்தால்தான் ஆள் தங்குவார் என்றார். எடுத்தார்கள்.

ஜுரம் இறங்கி வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் காத்திருந்தார்.

"அண்ணாத்தே, நம்ம ஊட்டுக் கோயிங்களும் தல தொங்கிகினு நிக்குது. அந்த மாத்தர இருந்தா கொஞ்சம் குடேன்."

வேண்டாம் என்று நான் கத்துவதற்குள், இவர் இடது கையால் மடியை அவிழ்த்து, இருந்ததையெல்லாம் அவர் கையில் போட்டார்.

"எயுந்து நின்னுச்சுன்னா நிறுத்திடு" என்றார். "வீணாக்காத."